புண்ணைவிடப் பெரிய சிவப்பு: ஆன்டிபயாட்டிக் களிம்பே கெடுதல் செய்யும்போது

அம்மாவின் இடது கணுக்காலுக்கு மேலே இருந்த புண் ஐம்பது காசு அளவுதான் இருக்கும். அதைச் சுற்றியிருந்த சிவப்போ உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அதன்மேல் பொடிப் பொடியாய்க் கொப்புளம், ஆங்காங்கே நீர் வடிந்து காய்ந்த பொருக்கு. "மருந்து பத்தல" என்று அம்மா முடிவுகட்டி, நாளுக்கு இரண்டு தடவை பூசிவந்த களிம்பை நான்கு தடவை பூச ஆரம்பித்தார். டியூப் தீரத் தீர வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மூன்று வாரத்தில் மூன்று டியூப்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருந்த டாக்டர் புண்ணை அதிக நேரம் பார்க்கவில்லை. சிவப்பின் ஓரத்தைத்தான் பார்த்தார். கட்டுத்துணி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, கிட்டத்தட்ட சதுரமாக, அது கோடு போட்டதுபோல நின்றிருந்தது.

"அம்மா, இது வலிக்குதா, அரிக்குதா?"

"அரிக்குது டாக்டர். ராத்திரியில தூங்கவே விடல."

"அப்போ களிம்ப இன்னையோட நிறுத்திடுங்க. இது கிருமி செய்யிற வேலை இல்ல, களிம்பு செய்யிற வேலை."

நிறுத்தினோம். அரிப்புக்கு அவர் கொடுத்த மருந்தோடு ஐந்தாம் நாள் சிவப்பு பாதியாக அடங்கியது. புண் ஆற இன்னும் பல வாரம் பிடித்தது, அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று வாரமும் அம்மா பட்ட அவஸ்தைக்குக் காரணம் புண் அல்ல, நான் வாங்கிக் கொடுத்த மருந்து என்பது என்னை உலுக்கிவிட்டது. அதிலிருந்து பூசு மருந்துகளைப் பற்றிப் படித்தும், தெரிந்த மருந்தாளர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரை என்றால் யோசிக்கிற நாம் களிம்பு என்றால் யோசிப்பதில்லை. 'மேலேதானே பூசுறோம், உள்ளேயா போகப்போகுது' என்ற நினைப்பு. அந்த நினைப்பு தவறு.

நம் வீடுகளில் புண்ணுக்கு மருந்து பூசும் பழக்கம் பழையது. அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்து டிரசர் ஐயா எந்தச் சிராய்ப்புக்கும் பஞ்சில் தொட்டு மஞ்சள் மருந்து வைப்பாராம். இன்றும் மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் கிடைக்கும் அந்த மஞ்சள் தண்ணீர், அக்ரிஃப்ளேவின் என்ற கிருமிநாசினி. அது ஆன்டிபயாட்டிக் இல்லை. கிருமிநாசினி பொதுவாக எல்லாக் கிருமியையும் தாக்கும். ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஓர் உறுப்பையோ வேலையையோ குறிவைத்து முடக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் 'புண்ணு மருந்து' என்ற ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

களிம்பாக வரும் ஆன்டிபயாட்டிக்குகளில் நாம் அடிக்கடி சந்திப்பவை சில. நியோமைசினை 1949இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனும் ஹியூபெர்ட் லெஷெவாலியேயும் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பாசிட்ராசினுக்குப் பின்னால் ஒரு சிறுமி இருக்கிறாள். 1943இல் நியூயார்க்கில் கால் முறிந்து வந்த மார்கரெட் டிரேசியின் புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாதான் அந்த மருந்தைச் சுரந்தது; பாசில்லஸ் என்ற கிருமியின் பெயரையும் டிரேசி என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துத்தான் மருந்துக்குப் பெயர் வைத்தார்கள். ஃபுசிடிக் அமிலம் 1960களில் டென்மார்க்கிலிருந்து வந்தது. முப்பிரோசின் ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருள். ஜென்டாமைசின், நியோமைசினின் சொந்தக்காரன் என்றே சொல்லலாம். இந்தச் சொந்தம் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

களிம்பு எப்படி எதிரியாகிறது

பூசியவுடன் லேசாக எரிவது, தோல் காய்வது, கொஞ்சம் உரிவது எல்லாம் பெரும்பாலும் வெறும் எரிச்சல். அளவைக் குறைத்தால் அடங்கிவிடும். அம்மாவுக்கு வந்தது வேறு: தொடு ஒவ்வாமை. மருந்தின் மூலக்கூறு தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு அதன் முகத்தை மனப்பாடம் செய்துவைக்கின்றன. முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் வெளியே ஒன்றும் தெரியாது. மருந்து நன்றாக ஒத்துக்கொண்டதுபோலவே இருக்கும். மனப்பாடம் முடிந்துவிட்டால், அடுத்து அந்த மருந்து பட்ட ஒன்று முதல் மூன்று நாளுக்குள் படை திரண்டு வந்துவிடும். அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம்.

பூசிய உடனே வராமல் இரண்டு நாள் தள்ளி வருவதால்தான் நாம் ஏமாறுகிறோம். 'நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு, இன்னைக்குப் புண்ணு மோசமாயிடுச்சு' என்று தோன்றும். மோசமான புண்ணுக்கு என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் மருந்து. அந்தச் சுழலில்தான் நாங்கள் மாட்டினோம். இன்னொன்று, இந்த நினைவு அழியாது. பத்து வருடம் கழித்துப் பூசினாலும் உடல் அடையாளம் கண்டுகொள்ளும்.

நியோமைசின் இந்த விஷயத்தில் பேர்போனது. அமெரிக்காவின் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்து மக்களின் கவனத்தை அதன்மேல் திருப்பும். 2003இல் பாசிட்ராசின், 2010இல் நியோமைசின். இரண்டும் அந்த நாட்டில் பல வீடுகளிலும் முதலுதவிப் பெட்டியில் கிடக்கும் மருந்துகள்.

சொந்தம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. நியோமைசின் ஒத்துக்கொள்ளாத பலருக்கு அதன் உறவான ஃபிராமைசெட்டின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அட்டைப்பெட்டியின் நிறமும் பெயரும் மாறியிருக்கும், உள்ளே இருப்பது பெரியப்பா பிள்ளை. மூட்டு மாற்று அறுவையில் எலும்பை ஒட்டும் சிமெண்டில் ஜென்டாமைசின் கலப்பதுண்டு. அதனால் களிம்பு ஒவ்வாமை உள்ள வயதானவர்கள் முழங்கால் அறுவைக்குப் போகும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தாய்மார்கள் பயந்துவிடாமல் இருக்க ஒரு வார்த்தை. இங்கே குழந்தைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசியில் நியோமைசின் துளியூண்டு இருக்கும். களிம்பு பூசித் தோல் அரித்த வரலாறு அந்த ஊசியைத் தவிர்க்கக் காரணமில்லை. நியோமைசினால் மூச்சுத்திணறும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்குத்தான் அது பொருந்தாது.

சில நேரம் ஆன்டிபயாட்டிக்கின்மேல் பழி போடுவதும் தவறாகும். களிம்பு களிம்பாக இருக்க ஓர் அடிப்பொருள் வேண்டும். கம்பளிக் கொழுப்பு, மெழுகு ஆல்கஹால்கள், கெடாமல் வைத்திருக்கும் பதப்படுத்திகள் என்று அதில் பலதும் சேரும். அவற்றில் ஏதாவது ஒன்றும் அரிப்பைக் கொடுக்கலாம். எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் பொருட்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மீண்டும் நான்காம் நாள் பார்ப்பார்கள். நியோமைசினுக்கு ஒரு வாரம் கழித்துக்கூடப் பார்ப்பதுண்டு, அது தாமதமாகத்தான் முகம் காட்டும். அந்த நாட்களில் முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. பினாங்கு வெயிலில் அது ஒரு தவம்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துவிடும்.

சிவப்பு என்று எழுதிக்கொண்டே போகிறேன். அம்மா மாநிறம், சிவப்பு தெரிந்தது. நம்மில் பலருடைய தோலில் இது சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, அல்லது சுற்றுத் தோலைவிடக் கறுத்து மினுமினுப்பாகத் தெரியும். மருத்துவப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை என்பதால் நம் ஆட்கள் அவற்றோடு ஒப்பிட்டு 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள்: தடித்திருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா, ஓரம் கோடு போட்டதுபோல நிற்கிறதா. ஆறிய பிறகும் நம் தோலில் கறுப்புத் திட்டு பல மாதம் தங்கும். அம்மாவின் காலில் அந்தச் சதுரம் இன்னும் மங்கலாக இருக்கிறது.

கிருமித் தொற்றையும் ஒவ்வாமையையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. ஒவ்வாமையில் அரிப்பு முன்னால் நிற்கும். களிம்பு பட்ட இடத்தோடு பெரும்பாலும் எல்லை நிற்கும். தொற்றில் வலி முன்னால் நிற்கும். தோல் சுடும், சீழ் வரும், எல்லை மங்கலாகப் பரவும், காய்ச்சல் வரலாம், காலில் என்றால் தொடை இடுக்கில் நெறிகட்டலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போவதுதான் சரி, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மிக அரிதாக, பாசிட்ராசின் போன்றவை பூசிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்று வரலாம். அப்போது யோசிக்கவே வேண்டாம், அவசர எண் 999.

யாருக்கு இது அதிகம் வருகிறது? ஆறாத கால்புண் உள்ளவர்கள்தான் முதல் வரிசை. புண் உள்ள தோலுக்குக் காவல் இல்லை, மருந்து நேராக இறங்குகிறது, அதுவும் மாதக்கணக்கில். அடுத்து நாள்பட்ட எக்சிமா உள்ளவர்கள், காதில் அடிக்கடி சீழ் வருபவர்கள், ஆசனவாய் அரிப்புக்கு விதவிதமாய்ப் பூசிப் பார்த்தவர்கள்.

தைப்பூசம் முடிந்த மறுநாள்

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் போனால் கட்டுரை முழுமையாகாது. தைப்பூசத்தின்போது இரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைத்துத் தெருவே ஓடும் தண்ணீராக இருக்கும். அதன்மேல் வெறுங்காலில் நடந்து, தார் ரோட்டுச் சூட்டில் பாதம் கொப்பளித்து, தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏறி இறங்குகிறோம். சிரட்டைச் சில்லு குத்திய பாதம், அலகு எடுத்த கன்னம், முதுகில் கொக்கி போட்ட இடம், மொட்டை போடும்போது பட்ட பிளேடு கீறல். மறுநாள் வீட்டுக்கு வீடு டியூப் திறக்கிறது.

போன வருடம் என் தங்கை மகன் முதல் தடவையாகப் பால்குடம் எடுத்தான். குதிகாலில் தேங்காய் ஓட்டுத் துண்டு ஒன்று உள்ளேயே இருந்தது. மேலே நான்கு நாள் களிம்பு பூசி, பிளாஸ்டர் ஒட்டி, பள்ளிக்கூடத்துக்குக் காலுறையும் காலணியும் போட்டு அனுப்பினார்கள். உள்ளே இருக்கும் துண்டை எந்தக் களிம்பும் வெளியே எடுக்காது. ஐந்தாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தான். கிளினிக்கில் துண்டை எடுத்துக் கழுவி, ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு அனுப்பினார்கள், இரண்டு நாளில் ஓடினான். களிம்பின் இன்னொரு கெடுதல் இது: ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியைக் கொடுத்து, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வைக்கும்.

சுத்தமான சின்னக் கீறலுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, சின்னத் தோல் அறுவை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பாதிக்கு வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் மறு பாதிக்கு பாசிட்ராசினும் கொடுத்துப் பார்த்தது. ஜெல்லி பூசியவர்களில் 2 விழுக்காட்டினருக்கும், பாசிட்ராசின் பூசியவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது; புள்ளியியல்படி அது வேறுபாடே அல்ல. ஆனால் பாசிட்ராசின் பூசியவர்களில் நால்வருக்குத் தொடு ஒவ்வாமை வந்தது. ஜெல்லி பூசியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. மருத்துவர் சுத்தமாகச் செய்த அறுவைக் காயத்தின் கதைதான் இது, தெருவில் பட்ட காயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவிய கீறலுக்கு, ஈரம் காக்கும் ஜெல்லியும் சுத்தமான கட்டும் பெரும்பாலும் போதும். அழுக்குப் பட்ட ஆழமான காயம் என்றால் ஏற்பூசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெல்லியோ களிம்போ எண்ணெய்ப்பசை ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், கற்பூரத் தட்டுப் பக்கம் போகும்போது கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மருந்து ஒரே டியூபில்

எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இதுதான். இந்த ஊரின் புழுக்கத்தில் தொடை இடுக்கிலும் அக்குளிலும் இடுப்புப் பட்டையின் கீழும் படை வருவது சகஜம். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து அரிக்கும். இது பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைத் தொடாது. ஆனால் ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்புகள் இருக்கின்றன. யாரோ ஒருவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, வீட்டில் மிச்சம் கிடந்தது, 'எனக்குக் கேட்டுச்சு, நீயும் பூசிப் பாரு' என்று கை மாறுகிறது.

பூசியதும் ஒரே நாளில் அரிப்பு நிற்கும். அது ஸ்டீராய்டின் வேலை. உடலின் எதிர்ப்பை அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். எதிர்ப்பு அமுங்கியதும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நிறுத்தியவுடன் முன்பைவிடப் பெரிதாக வரும். வட்டம் கலைந்து, ஓரம் மறைந்து, டாக்டரே பார்த்தாலும் சட்டென்று படை என்று சொல்ல முடியாத உருவத்துக்கு மாறிவிடும். மாதக்கணக்கில் பூசினால் தொடையில் தோல் மெலிந்து, வயிற்றில் பிரசவக் கோடு வருவதுபோல வரி விழும். அந்த வரி திரும்பிப் போகாது. முகத்தில் பூசினால் பரு, சிவப்பு, மெல்லிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரிவது. கண் ஓரத்தில் நெடுநாள் பூசினாலோ ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தைத் தானாகத் தொடர்ந்தாலோ கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். இவ்வளவும் நடக்கும்போது அந்த டியூபில் இருந்த ஜென்டாமைசினோ நியோமைசினோ ஒரு பயனும் தராமல், ஒவ்வாமைக்கு விதை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஒவ்வாமைகூட மறைந்தே இருக்கும். 'களிம்பு பூசுற வரைக்கும் நல்லா இருக்கு, விட்டா வந்துடுது' என்று யாராவது சொன்னால் அது களிம்புக்கு நற்சான்று அல்ல, டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

மேலே பூசியது உள்ளே போகும்போது

முழுத் தோல் நல்ல மதில். அது உடைந்திருந்தால், பூசும் பரப்பு பெரிதாக இருந்தால், மேலே பிளாஸ்டிக் சுற்றி மூடினால், மருந்து இரத்தத்துக்குள் போகும். நியோமைசின் அப்படிப் போனால் சிறுநீரகத்தையும் செவியின் உள்நரம்பையும் தாக்கும் மருந்து. அதனால்தான் பெரிய தீப்புண்ணில் அதைப் பூசக்கூடாது. சில முப்பிரோசின் களிம்புகளின் அடிப்பொருள் பாலிஎத்திலீன் கிளைகால். அதுவும் பெரிய திறந்த புண் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இத்தனை பேர் இருக்கும் சமூகத்தில் இது வெறும் அட்டைப்பெட்டி எச்சரிக்கை அல்ல.

மோட்டாரின் சூடான குழாய் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுக்கொள்ளாத இளைஞர் நம்மிடையே குறைவு. அதற்கும் அடுப்படித் தீப்புண்ணுக்கும் வெள்ளை நிறச் சில்வர் சல்ஃபாடையசின் கிரீமை வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் சல்ஃபா என்ற மருந்துவகை இருக்கிறது. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது, இரண்டு மாதத்துக்குட்பட்ட பச்சிளங் குழந்தைக்கு ஆகாது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கிறது என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கிரீமைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டே பூச வேண்டும். சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு. இது போதாதென்று, புண் ஆறுவதையே இந்தக் கிரீம் தாமதப்படுத்தலாம் என்பதும் இப்போது தெரிந்த விஷயம். சுட்டவுடன் செய்ய வேண்டியது ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது.

காது இன்னொரு கதவு. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் காது வலித்தால், போன தடவை வாங்கிய சொட்டு மருந்தைத் தேடுகிறோம். காதுச் சவ்வில் ஓட்டை இருந்து, அதில் நியோமைசின் போன்ற மருந்து இறங்கினால் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்தவகை மருந்துகளால் செவிக்கு வரும் ஆபத்து இன்னும் அதிகம். அம்மா வழிச் சொந்தத்தில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது கேட்காமல் போனது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் காதில் பாக்டீரியா செத்து அந்த இடத்தில் பூஞ்சை முளைக்கும். ஈரக்காற்று நகரத்தில் அது இன்னும் சுலபம். சவ்வு எப்படி இருக்கிறது என்று ஒருவர் விளக்கடித்துப் பார்க்காமல் காதில் எதையும் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கண் சொட்டில் வரும் குளோராம்பெனிகால் பெரும்பாலோருக்கு எரிச்சலோடு போய்விடும். அந்த மருந்து எலும்பு மச்சையை முடக்குவது அரிதிலும் அரிது. ஆனாலும் முன்பு இரத்தக் கோளாறு வந்தவர் சொல்லிவிட வேண்டும். கண் சொட்டுப் போத்தலைத் திறந்து நான்கு வாரம் ஆனால் தூக்கிப் போட வேண்டும். பருவுக்குப் பூசும் கிளின்டாமைசின் தோலைக் காயவைக்கும். மிக அரிதாகக் கடும் வயிற்றுப்போக்கு வரலாம், வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். அதோடு சேர்த்துக் கொடுக்கும் பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையை வெளுத்துவிடும் என்பதையும் அம்மாக்கள் தெரிந்துவைத்தால் பிள்ளைகளுக்குத் திட்டு விழாது. அது சும்மா சேர்க்கப்படுவதில்லை. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் பூசினால் பருக் கிருமி பழகிவிடும் என்பதால்தான்.

பழகிவிடுவது என்பது இந்தப் பேச்சில் பெரிய விஷயம், ஏனென்றால் அந்தப் பக்கவிளைவு பூசியவர் தோலில் தெரியாது. நியூசிலாந்தில் 1990களில் முப்பிரோசினை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்றார்கள். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அதற்கு அடங்காமல் போவது அதிகரித்தது. 2000இல் மீண்டும் சீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஃபுசிடிக் அமிலத்தைத் தாராளமாகப் பூசிய பிறகு அங்கே அதற்கும் அதே கதிதான். பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காததால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது கணக்கு. அதில் களிம்பின் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் முப்பிரோசின், அறுவைக்கு முன் நோயாளியின் மூக்கில் இருக்கும் கொடிய கிருமியை ஒழிக்க மருத்துவமனைகள் நம்பியிருக்கும் மருந்து. கொசுக்கடிக்கு அதைச் செலவழிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆன்டிபயாட்டிக்கை வீணாக்காதீர்கள் என்று பல காலமாகச் சொல்லிவருவது நம் காதில் ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதனால் களிம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வாய்ச் சுற்றிலும் தேன் நிறப் பொருக்காக வரும் சிரங்குக்கு ஃபுசிடிக் அமிலம் நல்ல மருந்து; நாளுக்கு மூன்று தடவை, ஐந்து நாள். அங்கேயும் சின்ன இடத்தில் மட்டும் இருந்தால் முதலில் 1 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பாருங்கள் என்று பிரிட்டனின் வழிகாட்டி 2020இல் சொன்னது. முப்பிரோசின் பத்து நாளைத் தாண்டக்கூடாது. எந்தக் களிம்பானாலும் எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேட்டு, டியூபின்மேல் தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்கலாம். இங்கே பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ஏ என்று முடிந்தால் அது கட்டுப்பாட்டு மருந்து. எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் விற்கும் வகை, டி என்றால் பாரம்பரிய மருந்து. இந்த எண்ணே இல்லாமல் 'எல்லாத் தோல் நோய்க்கும்' என்று இணையத்தில் விற்கும் டப்பாக்களைத் தொடவேண்டாம். அப்படிப்பட்டவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்தால் கெடுதல் வந்தால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் பொதுமக்களே புகார் படிவம் அனுப்பலாம். குழந்தை டியூபைப் பிதுக்கி வாயில் வைத்துவிட்டால், தேசிய நச்சு மையம் பினாங்குத் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வையுங்கள். அவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும். வலியும் தெரியாது, அரிப்பும் தெரியாது. நான் மேலே எழுதிய அடையாளங்கள் பலவும் அவர்களுக்கு உதவாது. பாதத்தில் புண் என்றால் களிம்பைத் தேடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். களிம்பு டியூப் அதைவிட விலை.

அம்மாவின் புண்ணுக்கு வருகிறேன். அது இரத்தக்குழாய்ப் புண்ணாம். காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறாமல் தேங்கித் தோல் உடைவது. அதற்கு மருந்து களிம்பே அல்ல, அழுத்தக் கட்டு. பாதத்துக்கு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, பாத விரல் அடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டினார்கள். "இது என்ன, கோவில் தூணுக்குத் துணி சுத்துற மாதிரி" என்று அம்மா முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். பதினோராவது வாரம் புண் மூடியது.

பேட்ச் டெஸ்டில் நியோமைசின்தான் என்று உறுதியானது. அம்மாவுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் ஒரு சின்ன அட்டையில் நியோமைசின், ஃபிராமைசெட்டின், ஜென்டாமைசின் ஆகாது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை) உறைக்குள் பின்பக்கமாகச் சொருகி வைத்திருக்கிறேன். போன மாதம் காது அரிக்கிறது என்று மருந்துக்கடைக்குத் தானே நடந்து போயிருக்கிறார். கடைக்காரப் பெண் ஒரு சொட்டு மருந்தை எடுத்து வைத்ததும் இவர் ஐ.சி.யை உருவி அட்டையைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது வேணாம், நீங்க டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம்.